சுகர் இருப்பவர்கள் நோன்பு வைப்பதற்கு முன்

சுகர் இருந்தும் நோன்பு வைக்க நினைப்பவர்கள், ரமலானுக்கு ஆறு வாரமாவது முன்னாடியே டாக்டரைப் பார்த்துவிடுங்கள், பிறை தெரிந்த பிறகு ஓடினால் மருந்தின் அளவை மாற்றிப் பழக நேரம் இருக்காது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்களுக்குத்தான் பகலில் சுகர் சட்டென்று இறங்கும் ஆபத்து அதிகம். காலை டோஸை சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாடு), இரவு டோஸை இஃப்தாருக்கு (நோன்பு திறக்கும் நேரம்) என்று நீங்களாகவே மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், விரலில் குத்தி சுகர் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று இன்னமும் பலர் மீட்டரை அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) கருத்து. சுகர் 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐ (mg/dL) தாண்டினாலோ, நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் சரி, நோன்பை விட்டுவிடுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே சுகர் பார்க்க வேண்டும். நோயாளிக்கான சலுகை குர்ஆனிலேயே (2:184) இருக்கிறது: விட்ட நோன்பைப் பிறகு வைத்து களா செய்யலாம், குணமாகும் வாய்ப்பே இல்லாதவர்கள் ஃபித்யா (நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவு) கொடுக்கலாம்.

சஹரை மட்டும் விடாதீர்கள், ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகை நேரம்) எவ்வளவு நெருக்கமாகச் சாப்பிட முடியுமோ அவ்வளவு நல்லது. இஃப்தாருக்கு நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் போதும், கூடவே நாலு சமோசாவும் ரோஸ் மில்க்கும் எதற்கு?