கோஆக்சியல் நெட்வொர்க் முடங்கிவிட்டதா? முதலில் ஓமை அளந்து பாருங்கள்

பழைய கணினிகளைச் சேகரிப்பவர்களிடமும், பழைய ஆய்வுக்கூடக் கருவிகளைப் பராமரிப்பவர்களிடமும் 10பேஸ்2 என்ற பழைய கோஆக்சியல் கேபிள் நெட்வொர்க் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே கேபிள் கணினிக்குக் கணினி தொட்டுக்கொண்டு போவதால், எங்கோ ஓரிடத்தில் அறுந்தாலும் அத்தனை கணினிகளும் சேர்ந்து முடங்கும். அதனால் கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வீண் வேலை. கேபிளிலிருந்து தொடங்குங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் சிறு மின்தடை) இருக்க வேண்டும். அது இல்லாத முனையில் சிக்னல் மோதித் திரும்பி வரும். இன்னொரு தொல்லையும் உண்டு. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்புகின்றனவா என்பதை நெட்வொர்க் கார்டு கேபிளின் வோல்டேஜை வைத்தே கண்டுகொள்கிறது. ஒரு டெர்மினேட்டர் கழன்றால் வோல்டேஜ் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். ஒரே கணினி அனுப்பும்போதும் மோதல் நடந்ததாகவே கார்டு எடுத்துக்கொள்ளும்.

இனி அளவெடுப்போம். எல்லாக் கணினிகளையும் அணைத்துவிடுங்கள். நடுவிலுள்ள ஒரு கணினியின் கார்டிலிருந்து டி-இணைப்பை (இருபுறக் கேபிள்களையும் கார்டோடு சேர்க்கும் டி வடிவத் துண்டை) மட்டும் கழற்றுங்கள். அதன் இருபுறக் கேபிள்களும் அப்படியே இருக்கட்டும். டி-யின் நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள்.

25 ஓம், அல்லது நீளமான கேபிளில் அதைவிட ஓரிரண்டு கூடுதலாக வந்தால் நல்லது. 50 என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, அல்லது டெர்மினேட்டர் இல்லை. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். 37 வந்தால், டிவி கேபிளுக்கான 75 ஓம் டெர்மினேட்டர்களை யாரோ மாட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பழுது எந்தப் பக்கம்? டி-யிலிருந்து ஒரு பக்கக் கேபிளைக் கழற்றி மீண்டும் அளந்து பாருங்கள். கெட்ட பக்கத்தைக் கழற்றினால் 50 காட்டும். அறுந்த கேபிள், ஷார்ட் இரண்டுக்கும் இதே விதிதான். பிறகு அந்தப் பக்கத்தின் நடுவிலுள்ள கணினிக்குப் போய் இதையே செய்யுங்கள். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் சிறிது நேரத்தில் ஒரே ஒரு துண்டுக் கேபிள்தான் மிஞ்சும்.

அந்தத் துண்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிள் முனையிலுள்ள பிஎன்சி கனெக்டரைத்தான். மீட்டரைப் பிடித்தபடியே கனெக்டரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் கிரிம்ப் (கனெக்டரைக் கேபிளோடு நசுக்கிப் பிடித்த இடம்) தளர்ந்திருக்கிறது. உள்ளே, கேபிளைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலின் ஒற்றைக் கம்பியிழை நடு ஊசியைத் தொட்டால்கூட ஷார்ட்தான். ஒட்டுப்போட முயலாதீர்கள், வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள்.

மீட்டர் காட்டாத பிழைகளும் உண்டு. கேபிள் உறையில் ஆர்ஜி-58 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்ஜி-59 டிவிக்கான 75 ஓம் கேபிள். ஆர்ஜி-62 ஆர்க்நெட் என்ற வேறொரு பழைய நெட்வொர்க்குக்கான 93 ஓம் கேபிள். மொத்த நீளம் 185 மீட்டருக்குள், கணினிகள் 30-க்குள், இரண்டு டி-களுக்கு இடையே குறைந்தது அரை மீட்டர். டி நேராகக் கார்டிலேயே உட்கார வேண்டும். நடுவில் குட்டிக் கேபிள் கூடவே கூடாது.

இத்தனைக்கும் பிறகு வேலை செய்யாவிட்டால் கார்டைப் பாருங்கள். பிஎன்சி, ஆர்ஜே-45 இரண்டும் உள்ள பழைய கார்டுகள் பலவற்றில், எந்த வாய் இயங்க வேண்டும் என்பதை அந்தக் கார்டுக்குரிய டாஸ் நிரலில் அமைக்க வேண்டியிருக்கும். அதை பிஎன்சிக்கு மாற்றிவிட்டு, இரண்டு கணினிகளை மட்டும் ஒரு குட்டிக் கேபிளாலும் இரு டெர்மினேட்டர்களாலும் இணைத்துப் பிங் செய்து (ஒன்றிலிருந்து மற்றதற்குச் சோதனைச் செய்தி அனுப்பி) பாருங்கள்.