கரை ஒதுங்கிய உடலும் கழுத்து குறுகிய பாட்டிலும்

போன பங்குனியில் ராமேஸ்வரம் பக்கம், மண்டபம் ஊருக்குத் தெற்கே ஒரு கரையில் பங்குனி ஆமை ஒன்று செத்து ஒதுங்கியிருந்தது. கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு வந்திருந்த பிள்ளைகள் இரண்டு பேர் உடற்கூறாய்வு செய்தார்கள். கையுறை, முகக்கவசம், பக்கத்தில் வனத்துறை ஆள், எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. நான் உடைமரத்து நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஈரலில் கைப்பிடி அளவுக்கு ஒரு துண்டை வெட்டினாள். அதைத் தண்ணீர் பாட்டிலின் கழுத்து வழியாக விரலால் அமுக்கித் திணித்தாள். "ஏம்மா, நிறுத்து நிறுத்து" என்று சத்தமே போட்டுவிட்டேன். அவள் திடுக்கிட்டுப் போனாள்.

கோபம் அவள்மேல் இல்லை. இருபது வருடங்களுக்கு முன்னால் இதே கரையோரத்தில் நான் செய்த காரியம் அது. இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. கரை ஒதுங்கும் கடல் விலங்குகளைக் கையாளும்போது நாம் செய்யும் தவறுகளை அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். கத்தியைத் தீட்டிக்கொள், கையுறை போடு என்பதெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

காலையில் போய்க்கொள்ளலாம்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வரும். "சார், ஆவுளியா ஒண்ணு ஒதுங்கிக் கிடக்கு." வெளிச்சம் போகப் போகிறது, காலையில் நிதானமாகப் பார்க்கலாம் என்று தோன்றும். போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆவுளியா என்கிற கடற்பசுவுக்குத் தோல் கனம், அதற்கடியில் கொழுப்பு. வெளியே தொட்டால் ஈரமாக, அப்போதுதான் செத்தது போலத் தெரியும். உள்ளே சூடு இறங்காமல் குடலும் ஈரலும் கரைந்துகொண்டிருக்கும். நம் ஊர் வெயிலில் அரை நாள் கிடந்தால் நுண்ணோக்கியில் பார்க்க எதுவும் மிஞ்சாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள். வழியில்லை என்றால், போன் செய்தவரிடமே நனைத்த சாக்கையோ தென்னங்கீற்றையோ மேலே போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

உடலின் நிலையை ஐந்து படிகளாகக் குறிப்போம். 1 என்றால் உயிரோடு. 2 புதுசு. 3 ஊதியிருக்கும், ஆனால் உறுப்புகள் அடையாளம் தெரியும். 4 உள்ளே கூழாகிவிட்டது. 5 காய்ந்த தோலும் எலும்பும். 4 என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்த உடலிலும் வயிற்றில் கடற்புல் இருக்கிறதா, நைலான் நூல் இருக்கிறதா என்று பார்க்கலாம். தோலும் எலும்பும் மரபணுச் சோதனைக்கு ஆகும்.

அனுமதி

ஆவுளியா, ஓங்கில் (டால்பின்), கடலாமைகள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு பல்லைக்கூட எடுக்கக் கூடாது.

பாட்டில்

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

வடகடல் பக்கம், தேவிபட்டினத்துக்கு மேலே, பெரிய ஆவுளியா ஒன்று ஒதுங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் 2தான். உடம்பில் வலைத்தடம் இல்லை. புரொப்பெல்லர் வெட்டு இல்லை. கொழுப்பு நன்றாக இருந்தது. வயிறு நிறையக் கடற்புல். நுரையீரலில் மட்டும் அங்கங்கே கெட்டியாக, வெளிறிய திட்டுகள். இப்படி ஒரு உடல் கிடைப்பது அபூர்வம். இந்தியக் கடல்களில் ஆவுளியா மொத்தமே சில நூறுதான். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கு அது. அடுத்த குட்டிக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். வலையில் சிக்காமல் ஒன்று சாகிறது என்றால் அது எதனால் என்று தெரிந்தாக வேண்டும். கடலுக்குள் ஏதாவது நோய் பரவுகிறதா என்பது அப்படித்தான் வெளியே வரும்.

எங்களிடம், வெட்டிய துண்டுகள் அழுகாமல் ஊறவைக்கும் ஃபார்மலின் ஒரு லிட்டர் இருந்தது. பெரிய துண்டாக எடுத்தால் ஆய்வகத்துக்கு வசதி என்று நினைத்தேன். நுரையீரலில் ஒரு கைப்பிடி, ஈரலில் ஒரு கைப்பிடி, சிறுநீரகம் பாதி. எல்லாவற்றையும் இரண்டு பாட்டில்களில் திணித்தேன். துண்டுகள் போக மிச்ச இடத்தில் ஃபார்மலின் ஊற்றினேன், அவ்வளவுதான் கொண்டது. மீதித் துண்டுகளை எல்லாம் ஒரே பாலிதீன் பையில் போட்டு மீன் ஐஸில் வைத்தேன். அன்று இரவு, கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில், பாட்டில்களையும் பையையும் சேர்த்து ஒரு மீன் கம்பெனியின் உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஆய்வகத்தில் பாட்டிலைத் திறந்தார்கள். துண்டு வெளியே வரவில்லை. ஃபார்மலினில் கிடந்த தசை விறைத்துவிடும். போகும்போது நெளிந்து போனது வரும்போது நெளியாது. பாட்டிலை உடைத்து எடுத்து, துண்டை நடுவில் வெட்டினார்கள். ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. நடுவில் பழுப்புக் கூழ். ஃபார்மலின் வெளியிலிருந்து மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். அது போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி தானாகவே அழுகிவிட்டது. ஓரத்தில் பிழைத்ததையும் உறைபெட்டி விடவில்லை. உறையும்போது செல்லுக்குள் ஐஸ் படிகங்கள் உருவாகிச் சவ்வைக் கிழித்துவிடுகின்றன. அறிக்கையில் ஒரே வரி: 'ஆய்வுக்கு உகந்ததல்ல.' ஐஸில் வைத்த பையாவது கிருமிச் சோதனைக்கு உதவியிருக்கும். எல்லா உறுப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததால் அதுவும் வீண். நுரையீரலில் இருந்த திட்டுகள் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சரி, எப்படிச் செய்வது?

துண்டு ஒரு பிஸ்கட் கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அரை சென்டிமீட்டர். அகலம் இரண்டு சென்டிமீட்டர் போதும். நோய் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டாமல், நல்ல சதையும் கெட்ட சதையும் சேரும் விளிம்பைச் சேர்த்து வெட்டுங்கள். துண்டு ஒரு பங்கு என்றால் ஃபார்மலின் பத்துப் பங்கு. அப்படியானால் கரைக்குப் போகும்போதே ஐந்து லிட்டர் கேன் வேண்டும். கரைசல் கலக்கும் அளவு: கடையில் வாங்கும் ஃபார்மலின் 100 மில்லி, தண்ணீர் 900 மில்லி, அதில் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்த இரண்டு பாஸ்பேட் உப்பையும் போடாமல் விட்டால் கரைசல் புளித்து, இரத்தம் இருக்கும் இடமெல்லாம் கறுப்புப் புள்ளி விழும். அதை நோய் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஊறுகாய் பாட்டில் மாதிரி வாய் அகன்றது வேண்டும். நுரையீரல் மிதக்கும், மேலே ஒரு துண்டு காஸ் துணியைப் போட்டு அமுக்கிவையுங்கள். மறுநாள் கரைசலை மாற்றுங்கள். நிழலில் வைத்தால் போதும், குளிரூட்டவே வேண்டாம். பெயர்ச்சீட்டைக் கெட்டி அட்டையில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். மார்க்கரால் வெளியே எழுதியது, மேலே ஆல்கஹால் கொஞ்சம் சிந்தினால் போயே போய்விடும்.

அதே உறுப்பில் இன்னொரு துண்டு, தனிப் பையில், உறைபெட்டிக்கு. இது நச்சுப் பரிசோதனைக்கும் வைரஸ் சோதனைக்கும். பூச்சிமருந்து பார்க்க வேண்டுமானால் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். ஈயம், பாதரசம் பார்க்க வேண்டுமானால் தாள் கூடாது, சுத்தமான பிளாஸ்டிக் பை. மூன்றாவது துண்டு, மிளகளவு போதும், ஆல்கஹாலில். அது மரபணுவுக்கு. பாக்டீரியா வளர்க்க எடுக்கும் பஞ்சுக்குச்சி ஐஸில் இருக்கலாம், உறையக் கூடாது. ஒவ்வொரு உறுப்புக்கும் கத்தியைக் கழுவித் துடையுங்கள். ஆள் பற்றாவிட்டால் உறுப்புகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், முறையைக் குறைக்காதீர்கள்.

வலைதான் காரணம் என்று முதலிலேயே எழுதிவிடுவது

பெரும்பாலும் வலைதான். ஆனால் பார்த்துவிட்டு எழுதுங்கள். துடுப்பிலும் கழுத்திலும் நூல் அறுத்த தடம், நல்ல உடற்கட்டு, நிறைந்த வயிறு, மூச்சுக்குழாயில் நுரை, இவை சேர்ந்து இருந்தால் சொல்லலாம். நுரை மட்டும் போதாது, அழுகும் உடலிலும் நுரை வரும்.

வெட்டுக்காயத்தை நம்பி நான் ஒருமுறை சறுக்கினேன். தொண்டிப் பக்கம் ஓர் ஆமை, கழுத்தருகே சதை கிழிந்து கிடந்தது. 'படகு அடித்தது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். "சார், இது விடியக்காலம் நாய் இழுத்தது. நேத்து ஒதுங்குனப்ப கழுத்து முழுசா இருந்துச்சு" என்றார். காயத்தின் ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். இரத்தக்கட்டு துளிகூட இல்லை. உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில் ஓரச்சதைக்குள் இரத்தம் இறங்கியிருக்கும். செத்த பிறகு நாயோ நண்டோ கிழித்ததில் அது இருக்காது. காகம் முதலில் கண்ணைத்தான் கொத்தும்.

அவசரமாக எழுதிய ஒரு வரி அந்த ஊர்ப் படகுக்காரர் ஒருவரை ஸ்டேஷன் வரை இழுத்துவிடும். அடுத்த முறை அந்த ஊரிலிருந்து போன் வராது. உடலில் கல்லைக் கட்டி ஆழத்தில் இறக்கிவிடுவார்கள். நமக்கு வரும் தகவலில் பெரும்பகுதி வலைக்காரர்களிடமிருந்தும் பாசி எடுக்கும் பெண்களிடமிருந்தும்தான் வருகிறது.

செத்த ஆமை என்று கடலில் எறிவது

இழுவலையின் மடியில் நெடுநேரம் சிக்கிய ஆமை அசையாது, மூச்சும் தெரியாது. அது மயக்கமாக இருக்கலாம். கண்ணோரத்தையும் வாலையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். துளி அசைவு தெரிந்தாலும் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டாலும் காத்திருங்கள். அப்படியே கடலில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும். வயிறு கீழே இருக்கும்படி படுக்கவைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். நுரையீரலில் இருக்கும் தண்ணீர் வாய்வழியாக வடியும். ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள், மூக்கை மூட வேண்டாம். குறைந்தது நான்கு மணி நேரம், தேவைப்பட்டால் ஒரு நாள் முழுக்க. மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்குவதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். பாம்பனில் ஒரு விசைப்படகுத் தம்பி இப்படி வைத்த பேராமை ஒன்று இரவு பதினொரு மணிக்குத் தலையைத் தூக்கி நீளமாக மூச்சு விட்டதாக எனக்குப் போன் செய்தார். பேசும்போது அவருக்குக் குரல் நடுங்கியது.

உயிரோடு ஒதுங்கிய ஓங்கில்

வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சுத்துளையில் தண்ணீர் விடாதீர்கள்.

கடலுக்குள் தள்ளிவிட்டதும் வேலை முடிந்ததாகவும் நினைக்க வேண்டாம். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, உள்ளே இழுத்து விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன.

அளவு

ஆவுளியாவுக்கு மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நேர்கோட்டில். ஆமை ஓட்டுக்கு நாடாவை வளைவோடு ஒட்டி வைத்து. எப்படி அளந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதாத எண்ணை வேறு யாரும் பயன்படுத்த முடியாது.

குழி

அலை ஏறும் எல்லைக்கு மேலே, ஆழமாகத் தோண்டிப் புதையுங்கள். புதைத்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, நிலையாக நிற்கும் ஏதாவது ஒன்றிலிருந்து எத்தனை அடி என்றும் எழுதிவையுங்கள். பனைமரமோ கோயில் சுவரோ எதுவானாலும் சரி. ஆவுளியாவின் தந்தப் பல்லை நீளவாக்கில் அறுத்தால் மரத்தில் இருப்பது போல வளர்ச்சி வரிகள் தெரியும், அவற்றை எண்ணி வயதைச் சொல்லலாம். எழுபது வயது வரை வாழக்கூடிய விலங்கு அது. பல்லையும் மண்டையோட்டையும் அன்றைக்கே, வனத்துறை முன்னிலையில், எடுத்துப் பதிந்துவிடுங்கள்.

தேவிபட்டினத்து ஆவுளியாவை அப்படியே புதைத்துவிட்டு வந்தோம். பாட்டில் விஷயம் தெரிந்த பிறகு, தலையாவது கிடைக்கட்டும் என்று நான்கு மாதம் கழித்துப் போனேன். நடுவில் வாடைக்காலம் வந்து போயிருந்தது. கரையின் உருவமே மாறியிருந்தது. அந்த ஊர்ப் பையன்கள் மூன்று பேர் மண்வெட்டியோடு கூட வந்தார்கள். மத்தியானம் வரை ஆறு இடத்தில் தோண்டினோம். ஒரு விலா எலும்பு கிடைத்தது.