நெக் பிக்கப் மாற்றியபின் மெலிந்த சத்தம்

ஜாஸுக்காக என் எலெக்ட்ரிக் கிட்டாரின் நெக் பக்கத்தில் அல்னிக்கோ 2 காந்தம் உள்ள ஹம்பக்கர் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை), சுமார் 7.5 கிலோ ஓம், போட்டேன். தனியே வாசித்தால் இதமான, உருண்ட சத்தம். பிரிட்ஜ் (தந்தி தாங்கும் பாலம்) பக்கத்துப் பிக்கப்போடு சேர்த்தால் மட்டும் அடித்தொனி காணாமல் போய் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்தது. தந்தி மாற்றியும், பிக்கப்பின் உயரத்தை இறக்கியும், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புது 500கே பொட் (சத்தக் கட்டுப்பாட்டுத் திருகு) வாங்கிப் போட்டும் பலனில்லை.

காரணம் ஃபேஸ் முரண், அதாவது இரு பிக்கப்பின் அலைகளும் எதிரெதிராகி ஒன்றையொன்று குறைப்பது. மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, சிவப்பு முனையை ஹொட் (சைகை வரும்) வயரிலும் கறுப்பு முனையைக் கிரவுண்ட் வயரிலும் பிடித்து, ஸ்க்ரூடிரைவரைப் பிக்கப்பின் துருவங்களில் தொட்டுச் சட்டென எடுங்கள். ஒரு பிக்கப்பில் எண் ஏறி மற்றதில் இறங்கினால் இரண்டும் எதிரெதிர். நெக்கின் ஹொட், கிரவுண்ட் வயர்களை இடம் மாற்றியதும் சத்தம் நிறைந்தது, அப்பாடா! இரைச்சலைத் தடுக்கும் வெற்று ஷீல்ட் கம்பி மட்டும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும்.

பின்னல் உறையோடு ஒற்றை வயர் வரும் பிக்கப்பில் இப்படி மாற்றினால் உலோக மூடியே ஹொட் ஆகி, கை பட்டதும் இரையும். விலை கொஞ்சம் கூடினாலும் நான்கு வயர் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.