பாடநூல் வாங்குவதில் காசு எங்கே வீணாகிறது?

பருவம் தொடங்கிய முதல் வாரத்தில் நூலக மேசைக்கு வரும் மாணவர்களில் பலர், புத்தகத்தை வாங்கிவிட்டுத்தான் "இதை வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி சரி, நேரம்தான் தவறு. நாலு இடத்தில் விலை விசாரிக்கணும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை விட்டுவிடுகிறேன்.

புதுப் பதிப்பு இல்லாவிட்டால் ஃபெயில் என்ற பயம்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். பாடத்திட்டத்தில் "ஒன்பதாம் பதிப்பு" என்று போட்டிருந்தால் எட்டாம் பதிப்பைத் தொடவே பயப்படுகிறார்கள். புதுசு வந்ததுமே பழசின் விலை சரிந்துவிடும். ஆனால் முதலாண்டு நுண்கணிதமோ இயக்கவியலோ பதிப்புக்குப் பதிப்பு மாறிவிடுமா என்ன?

இயற்பியல் மாணவி ஒருத்தி புதுப் பதிப்பை வாங்கி வந்திருந்தாள். நூலகத்திலிருந்த முந்தைய பதிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பொருளடக்கம் அப்படியே இருந்தது. விசை பற்றிய அத்தியாயத்தில் படங்கள் வண்ணமாகியிருந்தன. 14ஆம் பயிற்சிக் கணக்கு இப்போது 17ஆம் கணக்காகியிருந்தது. சாய்தளத்தில் சறுக்கும் பெட்டியின் நிறை 5 கிலோவிலிருந்து 8 கிலோ ஆகியிருந்தது. "இதுக்கா இவ்வளவு கொடுத்தேன்?" என்றாள். நான் என்ன சொல்ல?

கணக்கு எண் மாறுவது மட்டும்தான் சிக்கல் என்றால், நூலகத்தில் இருக்கும் புதுப் பதிப்பைப் பார்த்து, அந்த வாரக் கணக்குகளை மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஆசிரியரிடம் "பழைய பதிப்பு போதுமா?" என்று பொதுவாகக் கேட்டால், "புதுசு நல்லது" என்றுதான் பதில் வரும். "எந்தெந்த அத்தியாயம் நடத்துவீர்கள், வீட்டுக்கணக்கு புத்தகத்திலிருந்து வருமா?" என்று கேளுங்கள். சட்டம், வரி, கணக்கியல் தரநிலைகள், மருத்துவச் சிகிச்சை முறைகள் மட்டும் வேறு கதை. அங்கே பழைய பதிப்பு தவறான தகவலையே சொல்லித் தரலாம்.

பழைய புத்தகத்தோடு ஆக்சஸ் கோடும் வரும் என்று நம்புவது

ஆக்சஸ் கோடு என்பது பதிப்பகத்தின் இணையதளத்தில் நுழையப் புதுப் புத்தகத்தோடு தரும் குறியீடு. அது பெரும்பாலும் ஒரே ஒருவருக்குத்தான் வேலை செய்யும். வீட்டுப்பாடம் பதிப்பகத்தின் தளத்தில்தான் என்றால், செகண்ட் ஹேண்ட் புத்தகம் வாங்கியபின் கோடைத் தனியாக வாங்கவேண்டி வரும். சில நேரம் இரண்டும் சேர்ந்து புதுசின் விலையையே தாண்டிவிடும். கோடோடு மின்னூலும் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் அச்சுப் புத்தகமே தேவைப்படாமல் போகலாம். தனிப் புத்தகத்துக்கு ஒரு ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்), கோடு சேர்ந்த கட்டுக்கு வேறொன்று. அட்டைப் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டால் ஏமாற வாய்ப்புண்டு. அப்புறம், பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டால் திருப்பி எடுக்க மறுக்கும் கடைகள் நிறைய.

"பரிந்துரை நூல்கள்" பட்டியலை முழுசாக வாங்குவது

வேண்டாம்.

இலவசம் என்றால் மட்டம் என்று ஒதுக்குவது

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய ஓபன்ஸ்டாக்ஸ் இணையதளத்தில் இயற்பியல், உயிரியல், பொருளியல் என்று முழுப் பாடநூல்களே சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. பேராசிரியர்கள் எழுதி, வேறு பேராசிரியர்கள் சரிபார்த்தவை. உங்கள் ஆசிரியர் வேறு நூலைச் சொல்லியிருந்தாலும் முதல் இரண்டு வாரத்தை இதை வைத்து ஓட்டலாம். சொன்ன நூல் உண்மையிலேயே தேவையா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

விற்பதைத் தள்ளிப்போடுவது

திரும்பப் புரட்டப் போகும் நூலை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைத் தேர்வு முடிந்த வாரமே விற்றுவிடுங்கள். அடுத்த பதிப்பு வந்துவிட்டால் அதைச் சீந்த ஆள் இருக்காது.