சிறிய மொடலரா, பெரிய மொடலரா? கிற்றார் பழகுவோர் தெரிவு செய்யும் முறை

வால்வு அம்ப்ளிபையர், ஸ்பீக்கர் பெட்டி, எஃபெக்ட் பெடல்கள் (கிற்றாரின் ஒலியை மாற்றும், காலால் இயக்கும் சிறு பெட்டிகள்) ஆகியவற்றின் ஒலித்தன்மையை மென்பொருளின் மூலம் உருவாக்கித் தரும் கருவியே டிஜிட்டல் அம்ப் மொடலர் எனப்படுகிறது. லைன் 6 நிறுவனம் 1998இல் வெளியிட்ட பொட் என்னும் சிவப்பு நிறக் கருவி இதனைப் பரவலாக்கியது. அதே நிறுவனத்தின் ஹீலிக்ஸ் புளோர் 2015இலும், அதன் சிறு வடிவமான எச்.எக்ஸ். ஸ்டொம்ப் 2018இலும் விற்பனைக்கு வந்தன. மட்டக்களப்பில் தேவாலயப் பாடகர் குழுவிலோ திருமண வீட்டு இசைக்குழுவிலோ வாசிக்கத் தொடங்கும் பலர், இவற்றுள் எது நல்ல ஒலி தரும் என்றே முதலில் கேட்கின்றனர். இரண்டும் ஒரே அம்ப் மாதிரிகளைக் கொண்டவை என்பதால் அந்தக் கேள்வி தெரிவுக்கு உதவாது. காலுக்கு எத்தனை வேலை இருக்கிறது, ஒலி எந்த வழியாக வெளியேறப் போகிறது என்னும் இரண்டுமே தெரிவைத் தீர்மானிக்கின்றன.

முதற்படி: உங்கள் கடினமான பாட்டை எழுதிப் பாருங்கள்

நீங்கள் வாசிக்கும் பாடல்களுள் ஒலிமாற்றம் அதிகமுள்ள ஒன்றை எடுத்து, எந்த அடியில் எது மாற வேண்டும் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஓர் ஆராதனைப் பாடலின் தொடக்கத்தில் தெளிந்த ஒலியும், பல்லவியில் சிறிது முறுக்கேறிய ஒலியும், இடையிசையில் எதிரொலியுடன் கூடிய லீட் ஒலியும், இறுதியில் மீண்டும் தெளிந்த ஒலியும் தேவைப்படலாம். இங்கே தேவைப்படுபவை மூன்று ஒலிகள். எச்.எக்ஸ். ஸ்டொம்ப்பில் காலால் அழுத்தும் சுவிட்சுகளும் மூன்றுதான். ஆனால் சுருதி பார்க்கும் ட்யூனருக்கும், எதிரொலியைத் தாளத்தோடு பொருத்தும் டெப் டெம்போவுக்கும் இடம் வேண்டுமென்பதை மறந்துவிடக் கூடாது. ஹீலிக்ஸ் புளோரில் பன்னிரண்டு சுவிட்சுகளும், சத்தத்தைக் காலால் ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலும் கருவியிலேயே அமைந்திருக்கின்றன.

தாளில் எழுதியதில் ஒரே கணத்தில் இரண்டு மூன்று எஃபெக்ட்கள் சேர்ந்து மாற வேண்டிய இடங்களுக்கு அடிக்கோடிடுங்கள். ஸ்னாப்ஷொட் என்னும் வசதி, அவற்றை ஒரே அழுத்தத்தில் மாற்றித் தருவதால், சிறிய கருவியின் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு மாத்திரம் நான் இதைப் போதுமென்று சொல்லமாட்டேன். ஒலிவாங்கியின் முன் நிற்கும்போது குனிந்து திரையைப் பார்க்க முடியாது, அடுத்தடுத்து நெருங்கியிருக்கும் சுவிட்சுகளில் கால் தவறிப்போகவும் கூடும். பறங்கியர் கொண்டாட்டங்களில் பைலாவுக்கு ரிதம் வாசிப்பவரின் நிலை வேறு: இரவு முழுவதும் ஒரு தெளிந்த ஒலியும், ஒலியைச் சற்று விரித்துக் காட்டும் கோரஸ் எஃபெக்ட்டும் இருந்தாலே போதும்; அவருக்குப் பெரிய கருவி தேவையில்லை.

இரண்டாம் படி: ஒலி வெளியேறும் வழியைப் பாருங்கள்

மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் கிற்றாரின் ஒலி பெரும்பாலும் நேரே மிக்சருக்கே செல்கிறது. நீண்ட வயரில் இரைச்சல் சேராமல் அனுப்ப எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று ஊசித் துவாரம் சிறந்தது. ஹீலிக்ஸ் புளோரில் அது உண்டு, எச்.எக்ஸ். ஸ்டொம்ப்பில் இல்லை என்பதால், சாதாரண கிற்றார் வயரின் ஒலியை எக்ஸ்.எல்.ஆர். வழிக்கு மாற்றித் தரும் ஒரு டி.ஐ. பெட்டியையும் உங்கள் செலவில் சேர்த்துக் கணக்கிடுங்கள். மிக்சருக்கு அனுப்பும்போது ஸ்பீக்கர் பெட்டியின் மாதிரியை இயக்கத்தில் வைக்க வேண்டும். சாதாரண கிற்றார் அம்ப்பின் முன்துவாரத்தில் இணைக்கும்போது அதனை நிறுத்த வேண்டும். இந்த ஒன்றைக் கவனியாதவர்களே கருவி கரகரக்கிறது, அல்லது அடைத்துக் கேட்கிறது என்று குறைகூறுகின்றனர். எக்ஸ்.எல்.ஆர். வழியாக இணைக்கும் முன், அந்தச் சனலில், ஒலிவாங்கிகளுக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் மின்சாரத்தை நிறுத்தும்படி ஒலியமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மின்சாரம்

இங்கு மின்சாரம் 230 வோல்ட். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் கருவியாயின், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்த பின்னரே செருகுங்கள். 120 என்று மட்டும் இருந்தால் அதை இங்கு நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. எச்.எக்ஸ். ஸ்டொம்ப்புக்கு 9 வோல்ட்டில் 3 அம்பியர் கொடுக்கும் அடாப்டர் குறிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண பெடல்களுக்கான சிறிய அடாப்டர் அதற்குப் போதாது. மின்னிணைப்பில் இயங்கும் மொடலர் மின்சாரம் ஒரு நொடி போனாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால், மின்பிறப்பாக்கியில் நடக்கும் நிகழ்ச்சிகளில் சிறிய யூ.பி.எஸ். ஒன்று பெரிய உதவி. வீட்டில் மட்டும் பழகுபவர், நான்கு ஏ.ஏ. பற்றரிகளிலும் இயங்கும் பொஸ் ஜி.டி.1 போன்றவற்றைப் பார்க்கலாம்.

நான்காம் படி: சுமை

ஹீலிக்ஸ் புளோர் ஏறக்குறைய 6.6 கிலோ, எச்.எக்ஸ். ஸ்டொம்ப் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் கிற்றாரோடு செல்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆயினும் வெளிச்சுவிட்ச், எக்ஸ்பிரஷன் பெடல், டி.ஐ. பெட்டி, வயர்கள் என்று சிறிய கருவியோடு சேர்ப்பவற்றையும் எழுதிக் கூட்டிய பின்னரே விலையையும் சுமையையும் ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கில் சிறியது பல வேளைகளில் சிறியதாக இருப்பதில்லை. அதனால், குழுவில் வாசிக்கத் தொடங்குபவருக்கு எட்டுச் சுவிட்சுகளும் எக்ஸ்பிரஷன் பெடலும் ஒன்றாயமைந்த, லைன் 6 நிறுவனத்தின் பொட் கோ போன்ற நடுத்தர அளவையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இறுதிப் படி: வாங்கும் முன் சோதனை

பழைய கருவியாயின் சோதனை இன்னும் அவசியம், ஏனெனில் கல்லடி போன்ற கடற்கரைப் பகுதிகளின் உப்புக்காற்று துவாரங்களின் உலோகத்தை அரித்துவிடும். ஒவ்வொரு துவாரத்திலும் வயரைச் செருகி மெதுவாக அசைத்துப் பாருங்கள்; ஒலி அறுந்தறுந்து வந்தால் விட்டுவிடுங்கள். எல்லாச் சுவிட்சுகளையும் பலமுறை அழுத்தி, ஹெட்போனில் கேட்டு, யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணைகிறதா என்றும் பாருங்கள். பின்னர், தாளில் எழுதிய அதே பாட்டை நின்றபடியே, கருவியைக் குனிந்து தொடாமல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை வாசியுங்கள்.