பாவம் பார்த்துச் செய்யும் தவறுகள்: கடலூர், புதுச்சேரி கரைக்கு வருகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாத ராத்திரி, தேவனாம்பட்டினத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கரையேறி வந்த ஓர் ஆமையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் செல்போன் டார்ச்சோடு நின்றோம். ஆமாம், நானும்தான். "ஐயோ பாவம், அழுவுது பாரு" என்று ஓர் அக்கா சொல்ல, இன்னொருவர் பாட்டில் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். பாதிக் குழி தோண்டியிருந்த ஆமை அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. முட்டை இடவில்லை. அது அழவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உடம்பில் சேரும் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது, கடலுக்குள்ளும் அதே வேலைதான், கரையில் வரும்போது நம் கண்ணில் படுகிறது.

அது பங்குனி ஆமை, ஆலிவ் ரிட்லி என்பார்களே, அதுதான். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை நம் கரையில் முட்டையிட வரும். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை. அது ஏறி வரும்போதும் குழி தோண்டும்போதும் வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதனால் பார்க்கக் கொடுத்து வைத்தால் டார்ச்சை அணைத்து, பின்பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் எப்படியும் மணல்தான் விழும்.

அடுத்தது, முட்டையைக் கண்டதும் எடுப்பது. தின்பதற்காக எடுப்பவரை விடுங்கள், அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அவருக்கே தெரியும். நான் சொல்வது, நாய் தோண்டிவிடுமே என்ற நல்ல எண்ணத்தில் வாளியில் அள்ளிப்போய் வேறு இடத்தில் புதைப்பவரை. இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் உள்ளேயே செத்துவிடும். வனத்துறையினர் அதிகாலையிலேயே தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது இதனால்தான். குழியைப் பார்த்தால் அந்த இடத்தில் நின்றுகொண்டு அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள், வழி தெரியாவிட்டால் பக்கத்தில் வலை பிரிக்கும் மீனவர் யாரையாவது கேளுங்கள். சரி, நாய்? அந்த நாய்களைக் கடற்கரையில் வளர்த்துவிடுவதே நாம் போடும் மிச்சம் மீதி பஜ்ஜியும் பிரியாணியும்தான்.

ஒன்றரை மாதத்துக்குமேல் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது இதே பாவம் வேறு வடிவத்தில் வரும். தத்தித் தத்திப் போகிறதே என்று கையில் எடுத்து அலையில் விடுவது, பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பக்கெட் தண்ணீரில் போட்டு வைப்பது. பிறந்த முதல் நாள் அது நிறுத்தாமல் நீந்தி ஆழக்கடலை எட்ட வேண்டும், வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் அதற்குக் கட்டுச்சோறு. பக்கெட்டில் சுற்றிச் சுற்றியே அதைத் தீர்த்துவிட்டால் அப்புறம் அலையை எங்கே தாண்டும்? கரையோர ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் கடல் பக்கத்து விளக்கை ராத்திரி அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். குஞ்சுக்கு வெளிச்சம் இருக்கும் திசைதான் கடல், உங்கள் பால்கனி விளக்கை நோக்கியும் நடக்கும்.

மணலில் ஊதாப் பூவோடு படரும் கொடியைக் களை என்று நினைத்துக் காரை ஏற்றாதீர்கள். அது அடும்பு, நெய்தல் பாட்டுகளில் வரும் அதே அடும்பு. அதுவும் ராவணன் மீசைப் புல்லும்தான் மேட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. காலி சங்குகளைப் பை நிறைய அள்ளுவதும் வேண்டாம். துறவி நண்டுக்கு வாடகை வீடு அதுதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஊசுட்டேரி பக்கத்திலேயே இருக்கிறது. 2008-ல் புதுச்சேரி அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. பனிக்காலத்தில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். அங்கே நான் அதிகம் பார்ப்பது, கூட்டம் பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிக் கிளப்புவது. ஒரு நாமக்கோழி தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் ஓடி எழும்புகிறது என்று ஒரு தரம் கவனித்துப் பாருங்கள், அப்புறம் கைதட்ட மனசு வராது. காலை ஆறு, ஆறரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தால் அவையே பக்கத்தில் வரும்.

பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியது. அங்கே மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகு நல்லது. மீன்கொத்தி சத்தமாவது காதில் விழும். குறுகலான வாய்க்காலுக்குள் போகச் சொல்லிப் படகுக்காரரை நச்சரிக்காதீர்கள், அவர் மறுத்தால் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம். செல்ஃபிக்காகச் சுரபுன்னையின் தொங்கும் வேரைப் பிடித்து ஆடுவதும், சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நிற்கும் கண்டல் வேரை மிதிப்பதும் வேண்டாம், மரம் மூச்சு விடுவதே அதில்தான். இலையைக் கிள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று: சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த தில்லை மரம் இந்தக் காட்டில் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெரியாமல் கிள்ளிவிட்டால் கண்ணைக் கசக்காமல், முதலில் கையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.