முப்பது வயதில் ‘ஈசிஜி நார்மல்’ என்றால் போதுமா?

இளவயதில் மாரடைப்பு வந்தால் வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி: “போன மாசம்தானே ஈசிஜி எடுத்தான், நார்மல்னு சொன்னாங்களே?” சொன்னது சரிதான். ஆனால் ஈசிஜி காட்டுவது அந்தச் சில நொடிகளில் இதயத்தில் மின்னோட்டம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும்தான். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்று அதில் தெரியாது. பல மாரடைப்புகளில் குழாய் முன்பு பாதிகூட அடைபட்டிருக்காது. மெல்லிய மூடியோடு இருந்த கொழுப்புப் படிவு திடீரென வெடிக்கும், அதன்மேல் ரத்தம் உறையும், சில நிமிடங்களில் குழாய் மூடிக்கொள்ளும். டிரெட்மில் டெஸ்ட்டிலும் இந்த மாதிரிப் படிவு சிக்காமல் போகலாம்.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. ஆகவே நாற்பது வயதுக்குமேல் பார்த்துக்கொள்ளலாம் என்பது நமக்குத் தாமதம். இருபதுகளிலேயே ஒருமுறை லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை), சர்க்கரை, பிபி பார்த்துவிட வேண்டும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் இதயநோய் வந்திருந்தால் ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன்(ஏ)-ஐப் பார்க்கும் டெஸ்ட்டும் வேண்டும். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

ரிப்போர்ட் வந்ததும் ‘டோட்டல் கொலஸ்ட்ரால்’ வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது அடுத்த தவறு. ஒருவருக்கு டோட்டல் 190, எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு 32, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 240 என்று வைத்துக்கொள்வோம். 200-க்குக் கீழே இருக்கிறது, நார்மல் என்று தோன்றும். 190-லிருந்து 32-ஐக் கழியுங்கள்: 158. எச்டிஎல் அல்லாத இந்தக் கொலஸ்ட்ரால் 130-க்குக் கீழே இருக்க வேண்டும். நல்ல கொழுப்பு குறைவு, டிரைகிளிசரைடு அதிகம் என்ற இந்தச் சேர்க்கை நம்மவர்களிடம் சாதாரணம். எண்ணெயைக் குறைத்தால் மட்டும் இது சரியாகாது. தட்டு நிறையச் சோறு, மது, இனிப்பு டீ மூன்றும் டிரைகிளிசரைடை ஏற்றும். நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது.

ஒல்லியாக இருப்பவர்களுக்கு வராது என்பதும் தவறு. கையும் காலும் மெலிந்து தொப்பை மட்டும் தள்ளியிருப்பது ஆபத்தான உடல்வாகு. பேன்ட் சைஸை நம்ப வேண்டாம், பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப்பை வைத்து அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

“நாளைக்கு ஒன்னு ரெண்டுதான்” என்ற கணக்கும் புகையில் செல்லாது. நாளைக்கு ஒரு சிகரெட்டின் இதய ஆபத்து, இருபது பிடிப்பவரின் கூடுதல் ஆபத்தில் ஏறக்குறைய பாதி. குறைப்பதால் பெரிய லாபமில்லை, விட்டால்தான் பலன்.

வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்துவிட்டு, ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே அதிக எடை தூக்குவதும் கூடாது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டவே வேண்டாம். சில வைரஸ்கள் இதயத் தசையை வீங்கவைக்கும். தசைக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்ல கொழுப்பைச் சரித்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடுமையான தவறு, நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்று நினைத்துச் சோடா குடித்துக் காத்திருப்பது. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பிறரிடம் வாங்கி நாக்கின்கீழ் வைப்பதும் ஆபத்து. பிபி குறைவாக இருந்தாலோ, முந்தைய நாள் வயாகரா வகை மாத்திரை எடுத்திருந்தாலோ பிபி பாதாளத்துக்கு இறங்கிவிடும். மருத்துவமனையில் முதல் ஈசிஜி நார்மல் என்றாலும் வலி நிற்கவில்லையென்றால் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஈசிஜியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள்.